பாகுக் கம்பியும் வெண்டைக்காய் நூலும்

நம்மூர் அடுக்களைகளில் ஒரு ஆய்வுக்கருவி உண்டு. விலை கிடையாது, கழுவினால் போதும், கெட்டுப்போகாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அது. முந்திரிக்கொத்துக்குப் பாகு வைக்கிற எந்த ஆச்சியும் கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, இரண்டு விரலுக்கும் நடுவில் ஒட்டி, மெல்லப் பிரித்துப் பார்ப்பாள். ஒரு கம்பி நின்றால் ஒரு பதம், இரண்டு கம்பி நின்றால் இன்னொரு பதம். கடிகாரம், வெப்பமானி எதுவும் கிடையாது.

முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் ஆய்வகத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். எங்களிடம் இருந்தது ஆஸ்வால்டு பாகுநிலைமானி. U வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு பக்கம் மயிரிழைத் துளை. திரவத்தை மேல் கோட்டுக்கு உறிஞ்சி ஏற்றி, விட்டுவிட்டு, கீழ்க் கோட்டுக்கு இறங்க எத்தனை வினாடி என்று நிறுத்துகடிகாரத்தில் பார்க்க வேண்டும். முதுகலை மாணவர்களுக்குப் பாலிஸ்டைரீனை டொலுவீனில் கரைத்துக் கொடுப்போம். நூறு பங்கில் ஒரு பங்குகூட இருக்காது, பார்த்தால் வெறும் டொலுவீன் மாதிரியே இருக்கும். ஆனால் இறங்கும் நேரம் கூடும். எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்து அந்தப் பாலிமர் சங்கிலியின் மூலக்கூறு எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். இப்படி நீளச் சங்கிலி மூலக்கூறுகள் உண்டு என்று சாதித்து, ஒப்புக்கொள்ளாதவர்களோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட ஜெர்மன்காரர் ஸ்டாடிங்கருக்கு 1953-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவருக்குக் கைகொடுத்த சாட்சிகளில் இந்தக் குழாய் அளவும் ஒன்று.

ஆக, ஆச்சி செய்வதும் நாங்கள் செய்வதும் ஒன்றுதான், அவள் கைக்கணக்கு, நாங்கள் காகிதக் கணக்கு என்று தோன்றும். அப்படியில்லை. குழாயில் திரவம் வழிகிறது, அடுக்கு அடுக்காக ஒன்றின்மேல் ஒன்று நழுவுகிறது. விரலில் அது இழுபடுகிறது. இரண்டும் வேறு.

வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று நான்கு வெண்டைக்காயை நறுக்கி ஒரு தம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீர் ரொம்பக் கெட்டியாக இருக்காது. இன்னொரு தம்ளரில் சீனியைக் கரைத்து, இரண்டும் ஒரே துளை வழியே ஒரே நேரத்தில் வடிகிற அளவுக்குச் சரிபண்ணிக் கொள்ளுங்கள். என் பழைய குழாயில் ஊற்றினால் அது இரண்டையும் ஒரே ஜாதி என்றே சொல்லும். இப்போது விரலை முக்கி எடுங்கள். சீனித்தண்ணீர் சொட்டிவிட்டு நின்றுவிடும். வெண்டைக்காய்த் தண்ணீர் நூல் விடும். விரலை உயர்த்த உயர்த்த சிலந்தி நூல் மாதிரி மெலிந்துகொண்டே போகும், அறாது.

சீனிப்பாகும் கம்பி விடுகிறதே என்று கேட்கலாம். அது காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியானதால் வருகிற கம்பி. சீனி மூலக்கூறு சின்னது, சங்கிலியெல்லாம் கிடையாது. பாகின் கம்பி சோம்பேறித்தனத்தால் நிற்பது. அறுந்து விழக்கூட அதற்கு நேரம் ஆகிறது, அவ்வளவுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த டிரவுட்டன் என்பவர் 1906-இலேயே தாரையும் மெழுகையும் இழுத்துப் பார்த்து ஒரு விதி சொன்னார்: இப்படிப்பட்ட எளிய திரவங்கள் வழிவதற்குக் காட்டுகிற எதிர்ப்பைப்போல மூன்று மடங்கு எதிர்ப்பை இழுபடுவதற்குக் காட்டும். சரியாக மூன்று. பாகும் தேனும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. வெண்டைக்காய் கட்டுப்படாது. பாலிமர் கரைந்த நீர்த்த திரவங்களில் அந்த மூன்று, ஆயிரத்தையும் தாண்டிப் போகும்.

ஏன் என்று தெரிய பாளையங்கால்வாய்க் கரைக்குப் போனால் போதும். வாய்க்கால் நிதானமாகப் போகிற இடத்தில் நீர்ப்பாசி சுருண்டு, பந்து மாதிரி உருண்டுகொண்டே போகும். மடை வாயை நெருங்கியதும் தண்ணீர் வேகமெடுக்கும். பாசியின் முன்பக்கம் வேகமான தண்ணீரில், பின்பக்கம் மெதுவான தண்ணீரில். முன்னது இழுக்க, பின்னது பிடிக்க, சுருண்டது அப்படியே நீண்டு விறைத்துப் போகும். பாலிமர் சங்கிலியும் அதேதான். சும்மா கிடக்கையில் நூல்கண்டு. வழியும்போது உருளும், கொஞ்சம் நீளும், மறுபடி சுருளும். இழுக்கும்போது மட்டும் உருளுவதற்கு வழியில்லாமல் முழுசாக அவிழ்ந்து நீண்டுவிடுகிறது. நீண்டுவிட்ட சங்கிலி லேசில் விட்டுக்கொடுக்காது. ஸ்டீவன் சூ என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் 1997-இல் ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. இழைகளை இப்படி ஓட்டத்தில் விட்டு, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே ஓட்டம். ஆனால் ஒன்று சட்டென்று அவிழ்ந்தது, ஒன்று நடுவில் மடிந்தே கிடந்தது, ஒன்று கடைசி வரை அடம்பிடித்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

தெரிந்துகொள்வது வேறு, அளப்பது வேறு. இந்த இழுவை எதிர்ப்பை எண்ணாக எழுதுவதில் உலகமே ஒரு காலத்தில் திணறிப்போனது. 1980-களின் கடைசியில் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு திரவத்தைத் தயாரித்துப் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பினார்கள். அதற்கு எம்1 என்று பெயர். பாலிஐசோபியூட்டிலீன் நூற்றில் கால் பங்கு கூட இல்லை, மற்றதெல்லாம் கெட்டியான ஒரு எண்ணெயும் கொஞ்சம் மண்ணெண்ணெயும். அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் டாம் ஸ்ரீதர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து ஆஸ்திரேலியா போனவர். எல்லாரிடமும் இருப்பது ஒரே திரவம். ஒருவர் துளை வழியே பீய்ச்சி இழுத்தார், ஒருவர் உருளையில் சுற்றி இழுத்தார், ஒருவர் இரண்டு தாரைகளை எதிரெதிரே மோதவிட்டார். 1990-இல் முடிவுகளை ஒன்றாக அச்சிட்டுப் பார்த்தால் பத்து மடங்கு, நூறு மடங்கு, அதற்கும் மேல் வித்தியாசம். வழியும் அளவில் எல்லாரும் ஒத்துப்போனார்கள், இழுவையில் ஆளுக்கு ஒரு எண். எல்லாரும் அளந்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம், அதற்கு முன் எப்படி அலைக்கழித்துவிட்டு இழுத்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு. இழுபடும் திரவம் பழசை மறப்பதில்லை.

அதற்கு ஸ்ரீதரும் அவருடைய மாணவர்களும் கண்ட வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1991-இலும் 1993-இலும் அதை எழுதினார்கள். சின்னஞ்சிறு வட்டத் தகடு இரண்டு. நடுவில் ஒரு சொட்டு. தகடுகளைப் பிரிக்கிறார்கள். சாட்சாத் ஆச்சியின் இரண்டு விரல்! ஒரே வித்தியாசம், ஒரே வேகத்தில் பிரிப்பதில்லை. நூல் நீளமாக ஆக ஆக, அதே வேகம் அதற்குக் குறைவாகத்தான் படும். அதனால் வேகத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இரண்டாக எவ்வளவு நேரமோ, அதே நேரத்தில் இரண்டு நாலாக வேண்டும், நாலு எட்டாக வேண்டும். அப்படி இழுத்துக்கொண்டே நூலின் நடு மொத்தத்தையும் தகட்டில் படும் விசையையும் அளந்தார்கள். பிறகு மெல்பர்ன், அமெரிக்காவின் எம்.ஐ.டி., கனடாவின் டொரண்டோ என்று மூன்று இடத்தில் இந்த மாதிரிக் கருவிகளில் ஒரே திரவங்களை இழுத்து 2001-இல் வெளியிட்டார்கள். எண்கள் ஒத்துவந்தன. ஒரு சொட்டுத் திரவத்தைப் பற்றி மூன்று கண்டத்துக்காரர்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், மூன்று நாட்டுக்காரர்கள் ஒரே பேச்சுப் பேசப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து எதற்காகத் தேடித் தேடிப் படித்தேன் என்றால், வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் பெரிய விஷயமாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் வைகாசியில் என் வீட்டம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு கொஞ்சம் குழறினாலும் அதட்டல் குறையவில்லை. திரும்பாதது விழுங்கல். தண்ணீர் குடித்தால் புரையேறும். அதைவிட மோசம், சில சமயம் புரைகூட ஏறாது, இருமலே இல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படிப் போய்ப் போய் நெஞ்சில் சளி கட்டி ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். இட்லியில் ஆபத்தில்லை, தண்ணீரில்தான் ஆபத்து என்பதை நம்புவதற்கே எங்களுக்கு நாளாயிற்று. தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடிவிடுகிறது. தொண்டை மூடி மூடுவதற்குள் சிதறி, ஒரு துளி வழி தப்பிவிடுகிறது.

விழுங்கல் பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு பொடியைத் தந்தாள். சாந்தன் கோந்து. ஒரு நுண்ணுயிரியை வளர்த்து எடுப்பது. நீளச் சங்கிலிப் பாலிமர்தான். ஒரு தம்ளருக்குச் சிறிதளவு போட்டால் தண்ணீர் கொழகொழவென்று ஆகும். எந்த அளவு கெட்டி என்று பார்க்க அவள் காட்டிய சோதனையைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்வால்டு குழாயையே மறுபடி பார்த்த மாதிரி இருந்தது. பத்து மில்லி ஊசிக்குழாய், ஊசி இல்லாமல். அடியை விரலால் அடைத்து, பத்து மில்லி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து வினாடி ஒழுகவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் வெறும் தண்ணீர். ஒன்றிலிருந்து நாலு வரை நின்றால் முதல் படி, நாலிலிருந்து எட்டு வரை இரண்டாம் படி, எட்டுக்கு மேல் நின்று கொஞ்சமாவது ஒழுகினால் மூன்றாம் படி. ஒன்றுமே ஒழுகாவிட்டால் கரண்டியும் முள்ளும் எடுக்க வேண்டும். பல நாடுகளிலும் இப்போது இந்த ஒரே படிவரிசைதானாம். எங்களுக்கு இரண்டாம் படி என்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டம்மாவுக்குப் பொடி பிடிக்கவில்லை. "இந்தக் கொழகொழத் தண்ணிய மனுஷி குடிப்பாளா? கெட்டியா இருக்கணும், அவ்வளவுதானே? கஞ்சியத் தாங்க. அதுவும் கெட்டிதானே?"

நியாயமான கேள்வி. கஞ்சியை வடித்து, சுடுதண்ணீர் சேர்த்துச் சேர்த்து, ஊசிக்குழாயில் ஆறு மில்லி நிற்கிற மாதிரி கொண்டுவந்தேன். பொடித் தண்ணீரையும் ஆறுக்குக் கொண்டுவந்தேன். இரண்டும் இரண்டாம் படி. அவளுக்குக் கொடுக்கவில்லை, நானே விழுங்கிப் பார்த்தேன். பிறகு இரண்டு தம்ளரிலும் என் எச்சிலில் அரைக்கரண்டி விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் வைத்து மறுபடி ஒழுகவிட்டேன். (பார்த்துக்கொண்டிருந்த பேத்தி எழுந்து போய்விட்டாள்.) பொடித் தண்ணீர் அப்படியே நின்றது. கஞ்சி விறுவிறுவென்று இறங்கிவிட்டது, தண்ணீரேதான். எச்சிலில் இருக்கிற அமைலேசு என்ற நொதி மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டி வெட்டிப் போடுகிறது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே சமாச்சாரம். சாந்தன் கோந்தை அந்த நொதியால் தொட முடியாது. கஞ்சி தம்ளரில் இரண்டாம் படி, வாய்க்குள் போய்க் கொஞ்சம் தங்கினால் எந்தப் படியும் இல்லை. வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கீழே வைத்த கஞ்சித் தம்ளர் கூட, எச்சில் கலந்து, தானாகவே இளகிக்கொண்டிருக்கும்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். "ஆமா சார், அதுக்குத்தான் இந்தப் பொடி," என்றாள். பத்து நிமிஷம் செலவழித்து நான் கண்டுபிடித்தது அவள் முதல் வருஷப் பாடமாம்.

எச்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர் அது. மீதி ஒரு பங்குக்குள்தான் உப்பு, நொதி, மியூசின் என்ற நீளச் சங்கிலிப் புரதம் எல்லாம் அடக்கம். அந்தத் துளியூண்டு மியூசின்தான் வெற்றிலை துப்பும்போது உதட்டிலிருந்து நூலாகத் தொங்கவைப்பது. நீர்த்த பாலிமர் கரைசலுக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. ஒவ்வொரு கவளத்தையும் சிதறாமல் ஒரே உருண்டையாகக் கட்டி இறக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. வயசானால் எடுத்துக்கொள்கிற மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்துகின்றன. நம் வயதுக்காரர்கள் பலர் சோறு தொண்டையில் நிற்கிறது என்று சொல்வது இதனாலும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம்.

சிதறாமல் இருப்பதுதான் இதில் சங்கதி. இழுபட மறுக்கும் திரவம் துளிகளாக உடையவும் மறுக்கும். துளி உடையவேண்டுமென்றால் நடுவில் கழுத்து மெலிந்து நூலாக வேண்டும், அந்த நூலை விடமாட்டேன் என்கிறது சங்கிலி. இதை நம்பி அமெரிக்கர்கள் விமான எரிபொருளிலேயே பாலிமரைக் கலந்து பார்த்தார்கள். விழுந்து நொறுங்கினாலும் எரிபொருள் பனிமூட்டமாகச் சிதறாது, தீப்பிடிக்காது என்று கணக்கு. 1984 டிசம்பர் 1-ஆம் தேதி கலிபோர்னியா பாலைவனத்தில் ஆளில்லாத போயிங் 720 ஒன்றைத் தரையிலிருந்தே இயக்கி வேண்டுமென்றே மோதவிட்டார்கள். விமானம் திட்டப்படி இறங்காமல் கோணலாக இடது இறக்கை முதலில் இடித்து, தரையில் நட்டிருந்த இரும்பில் ஒரு இயந்திரம் கிழிந்து, பெரிய தீப்பந்தாகிவிட்டது. அந்த யோசனை அதோடு சரி. எனக்கென்னவோ பாலிமர்மேல் குற்றமில்லை என்றுதான் படுகிறது. கிழிந்த இயந்திரத்துக்குள்ளேயே எரிபொருள் போனால் எந்தச் சங்கிலி காப்பாற்றும்?

தொண்டைக்கு வருவோம். சுவீடனில் மாட்ஸ் ஸ்டாடிங்கும் மற்றவர்களும் 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வெறும் கெட்டித் திரவத்தைவிட, இழுவைத் தன்மையும் உள்ள திரவத்தை விழுங்க எளிதாக இருக்கிறது என்று விழுங்கிப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். அதைப் படித்த அன்று வெண்டைக்காய் ஞாபகம் எனக்கு வராமல் இருக்குமா? பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, யோசித்தாள். "நூல் ரொம்ப வந்தா தொண்டையிலே ஒட்டிக்கிட்டு மிச்சம் நிக்கும் சார். அது மூச்சு விடுறப்ப உள்ள போயிரும். அளவு தெரியாம வேண்டாம்," என்றாள். சரியான பதில். ஊசிக்குழாய் வழிவதை மட்டும்தான் அளக்கிறது. இழுவையை வீட்டில் அளக்க விரலைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை, விரல் போதாது. அதனால் வெண்டைக்காய் இன்னும் பொரியலாகத்தான் இருக்கிறது, தயிர்விட்டு வதக்கி, கொழகொழப்பில்லாமல், மசித்து.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தானாகப் பொடி கலக்கத் தொடங்கவேண்டாம். யாருக்கு எந்தப் படி என்பது விழுங்கிக் காட்டச் சொல்லி, பார்த்துச் சொல்லவேண்டியது. ஆளுக்கு ஆள் வேறு. அதிகக் கெட்டியும் ஆபத்து, குடிக்கப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காமல் விட்டுவிடுவார்கள். என் வீட்டிலேயே முதல் மாதம் சிறுநீர் மஞ்சளாகப் போனது அதனால்தான்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி சோதித்து முதல் படிக்கு இறக்கினார்கள். ஒன்றிலிருந்து நாலு மில்லி. பார்த்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. பங்குனியில் தெருமுனைக்குப் பதநீர் வர ஆரம்பித்ததும் அவளுக்கு அது வேண்டும் என்றாள். பயிற்சிப் பெண்ணும் முதல் படியில் கொடுக்கலாம் என்றாள். தண்ணீருக்குப் போட்ட அளவு பதநீருக்குச் சரிவரவில்லை, மோருக்கு அதுவும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதிய முதல் ஆய்வக அட்டவணை அது. பதநீரை ஓலைப்பட்டையில்தான் குடிப்பேன் என்று அடம்பிடித்தாள். பட்டை ஒழுகும், அளவு போய்விடும், தம்ளரிலேயே குடி என்று மன்றாடிக் கொடுத்தேன்.

ஆனியில் அடுத்த சோதனை. அதுவரை காலை ஆறு மணிக்கு ஊசிக்குழாய், கைக்கடிகாரம், பத்து வினாடி. விரலை நான் மறுபடி அடைக்கிறதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்துவிடும்: "எத்தனை நிக்கி?"